கறிவேப்பிலை ஏன் மலையேறவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரம் எங்கள் பாட்டி, ஆயா, வைத்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரமும் போடுவதில்லை. ஆனாலும் வேரிலிருந்து கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் பிடுங்கிக் கொடுத்துவிடுவோம். தம்பிக்கு நாட்டிங்ஹாம் ரோடு என்ற மலைச் சிற்றூரில் பால்பண்ணை ஒன்றில் வேலை கிடைத்தபோது, மூன்று கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் காரில் எடுத்துப் போனான். டர்பனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஜூலை மாதமே மூன்றும் கருகின. மறு ஆண்டு இரண்டு வைத்தான், அவையும் போயின. அவனுக்குக் கைராசி இல்லை என்றார் ஆயா. மண் சரியில்லை என்றான் அவன்.

கைராசிக்கும் மண்ணுக்கும் இதில் பங்கில்லை. நாட்டிங்ஹாம் ரோடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆகவே டர்பனை விட அங்கே ஏறக்குறைய ஒன்பது டிகிரி குளிர் கூடுதல். ஜூன், ஜூலை இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். கறிவேப்பிலைக் கன்று வெயிலையும் மழையையும் தாங்கும், சில நாள் வறட்சியையும் தாங்கும். உறைபனி விழுந்தால் ஓர் இரவு கூட நிற்காது.

எந்த உயிரினம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் 'பரவல்' என்கிறார்கள். அறிவியலில் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று இது. பெரும்பாலான அறிமுக நூல்கள் 'இது ஏன் இங்கே இருக்கிறது' என்று தொடங்கும். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை. இருக்கும் ஒன்றுக்குக் காரணம் கற்பிப்பது எளிது. 'இது ஏன் அங்கே இல்லை' என்று கேட்டால்தான் ஆளைப் பிடிக்க முடியும். அதற்கு வரக்கூடிய பதில்கள் சிலதான்: ஒன்று, அந்த இடத்தை அது தாங்காது; இரண்டு, இடத்தைத் தாங்கும், ஆனால் அங்குள்ள மற்ற உயிர்களோடு ஒத்துவராது; மூன்று, எல்லாம் சரி, ஆனால் அது அங்கே போய்ச் சேரவே இல்லை. இன்னொரு பதிலும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓர் ஆறு, ஒரு நாள் பயணம்

இதைப் புரிந்துகொள்ள எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தைப் போல் வசதியான பாடப்புத்தகம் கிடையாது. இந்துமாக் கடலில் காலை நனைத்துவிட்டு, அன்று மாலையே மூவாயிரம் மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைச்சுவரின் அடிவாரத்தில் தேநீர் குடிக்கலாம். சுமார் 200 கிலோமீட்டருக்குள் இத்தனையும் அடங்கிவிடும்.

உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தொடங்குவோம். ஆண்டுதோறும் காவடி எடுக்கும் உம்கேனி சாலைக் கோவிலுக்குப் போகிறவர்களில் பலர், கொஞ்சம் தள்ளி ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருப்பதைப் பார்த்ததில்லை. பீச்வுட் என்று பெயர். அங்கே வளரும் வெண்கண்டல், பிச்சாவரத்தில் வளரும் அதே இனம். பிச்சாவரத்தார் சுரபுன்னை என்று சொல்லும் வகையும் இங்கே உண்டு. ஊன்றுகோல் போன்ற வேர்களை விட்டு வாய்க்கால் ஓரத்து நெகிழ்சேற்றில் நிற்கும். மூன்றாவதாகக் கறுப்புக் கண்டல் சற்று உள்ளே, மேடான இடத்தில் கூட்டமாக நிற்கும். உப்பை மற்ற இரண்டையும் விட அதிகம் தாங்கும் வெண்கண்டல், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு ஓரங்களைப் பிடித்திருக்கும். சேறு எவ்வளவு உப்பு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீரில் மூழ்கும், காற்று எவ்வளவு புகும் என்பதைப் பொறுத்து மரம் மாறுகிறது. இருபது அடி நடந்தால் போதும், மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவின் படத்தை விரித்துப் பார்த்தால் மூன்று கண்டல்களும் கிழக்குக் கடற்கரையோரமாக ஒரே கோட்டில் இருப்பது போலத் தோன்றும். பீச்வுட்டின் பலகைப் பாதையில் நின்று பார்த்தால் மூன்றும் தனித்தனித் தெருவில் குடியிருப்பது தெரியும். இரண்டுமே உண்மை. பரவலைப் பற்றிப் பேசும்போது எத்தனை தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். 'புலி இந்தியாவில் வாழ்கிறது' என்ற வாக்கியம் சரி. ஆனால் அதை நம்பிக்கொண்டு மெரினாவில் யாரும் புலியைத் தேடுவதில்லை அல்லவா?

ஆற்றை விட்டு மேற்கே ஏறினால் முதலில் ஈரமான கடலோரக் காட்டுத் துண்டுகள், அவற்றுக்கிடையே வீடுகள், பிறகு கரும்பு. கரும்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து எங்கள் முன்னோரை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் போனவர்கள் உண்டு. ஆனால் பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களுக்குத்தான் போனது. கரும்பும் கறிவேப்பிலை போலத்தான், உறைபனி ஆகாது. ஆகவே அது கடலோரப் பட்டையில் நின்றது. மேட்டு நிலத்தில் தைல மரமும் பைன் மரமும் மாட்டுப்பண்ணையும் வந்தன. நட்டாலில் தமிழ்க் கோவில்கள் ஏன் கடலோரத்திலேயே நெருக்கமாக இருக்கின்றன என்று யாராவது கேட்டால், பனிக்கு அஞ்சும் ஒரு புல்லைக் காரணம் காட்டலாம். பாதி வேடிக்கை, பாதி உண்மை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டன் ஏறும்போது கார்க் கண்ணாடியில் மூடுபனி அப்பிக்கொள்ளும். இங்கே தொடங்குவது பனிமூட்டப் புல்வெளி. நடுநடுவே பச்சைத் திட்டாகக் காடு. கொஞ்சம் கவனித்தால் அந்தக் காட்டுத் திட்டுகள் பெரும்பாலும் மலையின் தெற்குச் சரிவில்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை இது குழப்பும். நாம் இருப்பது பூமியின் தெற்குப் பாதி. சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. எனவே வடக்குச் சரிவு காய்ந்து கிடக்கும், தெற்குச் சரிவு நிழலும் ஈரமுமாக இருக்கும். அத்தோடு நெருப்பும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் காய்ந்த புல் பற்றி எரியும்போது தீ வடக்குச் சரிவை வழித்துக்கொண்டு போகும். ஈரமான பள்ளத்தில் அணைந்துவிடும். புல் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், மரக்கன்றோ செத்துப்போகும். ஒரே மழை, ஒரே உயரம், ஒரே மலை. இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் புல்.

கார்க்லூஃப் காடுகளில் மஞ்சள்மரம் என்று இங்கே அழைக்கப்படும் பெரிய ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பருப்பை உடைத்துத் தின்னும் கேப் கிளி இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. மலைக்கு மேலே இன்னும் போனால் மரமே இல்லாத உச்சி. எலும்புண்ணிக் கழுகு அங்கேதான் கூடு கட்டுகிறது. அதே இனம் இமயமலையிலும் இருக்கிறது, நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. உயரமும் பாறையும் வேண்டும் பறவைக்குச் சமவெளி முழுவதும் கடல் மாதிரி.

நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு ஒரே நாளில் போய்விட்டோம் என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. தமிழில் வாழிடத்தைப் பற்றி எழுதிவிட்டு ஐந்திணையைத் தொடாமல் தப்பிக்க முடியாது. நிலத்துக்கொரு பறவை, விலங்கு, மரம், பூ என்று கருப்பொருள் வகுத்த மரபு நம்முடையது. அதை வைத்து 'நம் முன்னோர் சூழலியல் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று மேடையில் முழங்குவது எனக்கு ஒப்புதல் இல்லை. அது கவிதைக்கான இலக்கணம். ஆனால் அந்த இலக்கணத்திலேயே 'திணை மயக்கம்' என்றொரு இடம் இருக்கிறது பாருங்கள், அது கைகொடுக்கும். இயற்கையில் வாழிடங்கள் கோடு போட்டுப் பிரிந்து கிடப்பதில்லை. காடும் புல்லும் கலக்கும் ஓரத்தில் இரண்டிலும் உள்ள உயிர்கள் வரும். ஓரத்தை மட்டுமே விரும்பும் உயிர்களும் வரும். ஓரம் பிடிக்காத உயிர்கள் உள்ளே ஒதுங்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

தட்பவெப்பமும் மண்ணும் இடம் கொடுத்தாலும் மற்ற உயிர்கள் கொடுக்க வேண்டுமே. டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் புரோட்டியா மரங்கள் நிற்கும் சரிவுகளில், நீண்ட வாலும் வளைந்த அலகுமாகக் கர்னி ஷுகர்பேர்டு என்றொரு பறவை உண்டு. புரோட்டியாப் பூவின் தேனும் அதில் மொய்க்கும் பூச்சியும்தான் அதற்கு முக்கிய உணவு. புரோட்டியா இல்லாத சரிவில் எவ்வளவு இதமான வானிலை இருந்தாலும் அந்தப் பறவை குடியேறாது. புரோட்டியாவின் வரைபடத்தை ஒரு மெல்லிய தாளில் வரைந்து மேலே வைத்தால், அதன் கீழேதான் பறவையின் வரைபடம் அடங்கும்.

இது சார்ந்திருத்தல். போட்டி, வேட்டை, நோய் இவையும் எல்லை போடும். விரிவாகப் போகவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஓர் உயிர் தாங்கக்கூடிய இடங்களின் பரப்பு பொதுவாகப் பெரியது, அது உண்மையில் வாழும் பரப்பு பெரும்பாலும் அதற்குள் ஒரு துண்டு. கறிவேப்பிலை போன்ற கொல்லைச் செடிக்கு மட்டும் இது பொருந்தாது. களை பிடுங்க, பூச்சி விரட்ட ஆயா இருக்கிறார்.

போய்ச் சேராதவை, போய்ச் சேர்ந்தவை

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தெற்கே போகப் போகக் கண்டல் மரங்கள் குறைந்து, அண்டை மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பின் கடற்கரையில் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. குளிர் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 1969இல் ஈஸ்ட் லண்டன் நகரத்தின் நஹூன் ஆற்றுமுகத்தில், அந்த இயற்கை எல்லைக்கும் தெற்கே, வெண்கண்டலை நட்டுப் பார்த்தார்கள். அது பிழைத்தது. பெருகி இன்று ஒரு சிறு காடாகவே நிற்கிறது. அப்படியானால் அதுவரை அது அங்கே இல்லாததற்குக் குளிர் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. கண்டல் விதை நீரில் மிதந்து போக வேண்டும். வழியில் உள்ள ஆற்றுமுகங்கள் பல ஆண்டின் பல மாதங்கள் மணல்திட்டால் அடைபட்டுக் கிடக்கும். கதவு திறந்திருக்கும் நேரத்தில் விதை வந்து சேர வேண்டும். இல்லாமைக்கு இயலாமை காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

மெதுவாக நகரும் உயிர்களிடம் இது இன்னும் பட்டவர்த்தனம். எங்கள் கொல்லையில் விரல் நீளக் குட்டிப் பச்சோந்தி ஒன்று அவ்வப்போது வேலியில் தென்படும். கருந்தலைக் குட்டைப் பச்சோந்தி, டர்பன் வட்டாரத்துக்குரியது. தம்பியின் வீட்டு வேலியிலும் ஒரு பச்சோந்தி உண்டு. ஒன்றேதான் என்று பல காலம் நினைத்திருந்தோம். அது வேறு இனம். மாகாணத்தின் நடுப்பகுதி மேட்டுநிலத்தில், நாட்டிங்ஹாம் ரோடு, ஹௌவிக் சுற்றுப்புறங்களில் மட்டும் இருப்பது. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போகவே யோசிக்கும் பிராணி மலையும் ஆறும் தாண்டுவதெப்படி? பிரிந்து இருந்த இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்து வேறு வேறு இனமாகியிருக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் மைனா. நம் ஊர் மைனாவேதான். 1902இல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள் இன்று நாட்டின் பல பகுதிகளில் உலவுகின்றன. இங்குள்ளவர்கள் அதை 'இந்தியன் மைனா' என்று அழைப்பார்கள், அழைக்கும் தொனியில் சில சமயம் கொஞ்சம் காரமும் இருக்கும். நாங்கள் காது கேட்காதது போல் இருந்துவிடுவோம். காட்டுக்குள் போனால் மைனாவைப் பார்ப்பது அரிது. ஆள் நெருக்கம் எங்கே அதிகமோ, குப்பைத் தொட்டி எங்கே நிரம்பி வழிகிறதோ அங்கே அது இருக்கும். இதன் பொருள், ஆப்பிரிக்காவின் ஊர்கள் மைனாவுக்கு ஏற்ற இடமாகத்தான் இருந்தன, நடுவில் கடல்தான் தடுத்தது. நம் வீட்டுக் காக்கையும் அப்படியே: கப்பல்களில் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரையோரமாக இறங்கி, 1970களின் தொடக்கத்தில் டர்பனைப் பிடித்தது.

சரக்கு ஒரு திசையில் மட்டும் போகவில்லை. கரகரத்த குரலில் இரவெல்லாம் கத்தும் டர்பன் தேரை ஒன்றை, கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கும் என்று நம்பி 1922இல் மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். வண்டு ஒழியவில்லை. தேரை தீவு முழுக்கப் பரவியது. நூறு ஆண்டுக்குள்ளேயே அதன் உடல் மாறிவிட்டது. அத்தீவின் மழைக்காட்டில் இன்று இருக்கும் பெண் தேரைகள் டர்பனில் உள்ள தம் உறவுகளை விட உடலளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுத்திருக்கின்றன. புதிய இடம் கிடைத்ததும் உயிர் அப்படியே இருந்துவிடுவதில்லை. மொரீசியசில் உள்ள என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, 'எங்களையும் அளந்து பார்த்தார்களா' என்று கேட்டான்.

துண்டு துண்டான நிலம்

இதுவரை வாழிடம் ஏதோ முழுத் துணி போல் விரிந்து கிடப்பதாகப் பேசிவிட்டேன். இன்று அப்படி இல்லை. கார்க்லூஃப் பகுதியை மேலிருந்து பார்த்தால் காட்டுத் திட்டு, தைலத் தோப்பு, மக்காச்சோள வயல், அணை, சாலை, மறுபடி காட்டுத் திட்டு என்று ஒட்டுப்போட்ட போர்வை போல இருக்கும். இதில் எந்த உயிர் எங்கே இருக்கும் என்பது அந்தத் திட்டின் தரத்தை மட்டும் பொறுத்ததில்லை. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது, அந்த உயிரால் அதைக் கடக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.

இரண்டு குரங்குகளைப் பாருங்கள். வெர்வெட் குரங்கை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. மாங்காய்க் காலத்தில் கூரையில் ஓடும், சமையலறைச் சன்னலில் கை விடும், அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மதிலேறும். சமாங்கோ என்ற இன்னொரு குரங்கு அதே மாகாணத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அது உயர்ந்த காட்டின் மேற்கிளைகளில் வாழும், திறந்த வெளியில் இறங்கிப் போக அஞ்சும். வெர்வெட்டுக்கு நூறு மீட்டர் புல்வெளி ஒரு தெரு. சமாங்கோவுக்கு அது ஓர் அகழி. ஒரே நிலத்தின் மேல் இரண்டு வேறு வரைபடங்கள். சில காட்டுத் திட்டுகளில் மரம், பழம் எல்லாம் இருந்தும் சமாங்கோ இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்வெளிக்கு நேர்ந்தது இதைவிட மோசம், ஆனால் யாரும் அழுவதில்லை. மரத்தை வெட்டினால் எல்லோரும் கொதிப்பார்கள். புல்லை உழுது மரம் நட்டால் 'பசுமை' என்று கைதட்டுவார்கள். பனிமூட்டப் புல்வெளியில் நீலத் தகைவிலான் என்றொரு பறவை, மண்ணைத் தோண்டிக் கரையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன வளைகளிலும் தானாக உள்வாங்கிய மண்குழிகளிலும் கூடு கட்டும். கோடையில் மட்டும் வரும், குளிர் வந்தால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். கரும்பும் தைலமும் புல்லைத் தின்ற பிறகு இந்நாட்டில் அது அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. மரம் நட்டதால் ஒரு பறவை போயிற்று.

மரம் நட்டதால் வந்த பறவையும் உண்டு. ஹடீடா. தென்னாப்பிரிக்காவில் ஒரு வாரம் தங்கியவர்கள் கூட அதை மறக்க மாட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூரை மேல் நின்று 'ஹா-ஹா-ஹடீடா' என்று ஊரை எழுப்பும் அரிவாள் மூக்கன் வகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நாட்டின் கிழக்குப் பகுதியோடு நின்றிருந்தது. கூடு கட்ட மரம் வேண்டும், மண்புழு தேட ஈரமான மென்மண் வேண்டும். மரமற்ற புல்வெளிகளில் பண்ணைக்காரர்கள் தைலம் வைத்தார்கள், நகரத்தார் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஹடீடா அந்தப் படிக்கட்டில் கால் வைத்துக் கேப் டவுன் வரை போய்விட்டது. டர்பன் புறநகரின் பள்ளத்தாக்குகளில் மகுடக் கழுகு உயர்ந்த தைல மரங்களில் கூடு கட்டி, பக்கத்துத் தெருவின் ஹடீடாக் குஞ்சுகளைக் குறிவைக்கிறது. நகரம் வாழிடத்தை அழிக்கிறது என்பது பொதுவாகச் சரி. ஆனால் யாருடைய வாழிடத்தை, யாருக்காக என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது.

இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருளா?

குளிர்காலம் தொடங்கும்போது டர்பன் தெற்குக் கடற்கரையில் ஒரு திருவிழா. கரையோரமாகக் குளிர்ந்த நீர் ஒரு நாக்கு போல் வடக்கே நீளும். அதோடு கோடிக்கணக்கான சார்டின் மீன்கள் வரும். நம் மத்தியின் தூரத்து உறவு. கரைவலைக்காரர்கள் இழுத்துப் போடுவார்கள், கூடை விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று. ஆயா அன்று புளி கரைக்கத் தொடங்கிவிடுவார். இவ்வளவு மீன் வருகிறதே, அப்படியானால் இது அதற்கு நல்ல இடம் என்றுதான் யாரும் நினைப்போம். 2021இல் வெளியான மரபணு ஆய்வு வேறு சொன்னது: இப்படி வருகிறவை பெரும்பாலும் குளிர்ந்த அட்லாண்டிக் நீருக்குப் பழகிய கூட்டத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த நீரோடு வருகின்றன. குளிர்நீர் பின்வாங்கியதும் வெப்பநீருக்கும் சுறாவுக்கும் ஓங்கில்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கின்றன. இங்கே அவற்றுக்கு எதிர்காலமில்லை. எண்ணிக்கை அதிகமாக இருக்கும் இடமே வாழ்வதற்கு உகந்த இடம் என்று கணக்குப் போட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இதை எங்கள் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த்தில் இந்தியர்கள் இவ்வளவு அடர்த்தியாக இருப்பதைப் படத்தில் மட்டும் பார்க்கும் ஒருவர், இந்தக் குன்றுகள் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயின என்று முடிவு கட்டக்கூடும். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், டர்பனின் கேட்டோ மேனரிலும் பிற இடங்களிலும் இருந்தவர்களைக் கிளப்பி 1960களில் இங்கே கொண்டுவந்து கொட்டியது. தாத்தா கடைசிவரை பழைய வீட்டு மாமரத்தைப் பற்றித்தான் பேசினார். புள்ளி இங்கே, விருப்பம் அங்கே.

புள்ளி இல்லாத கட்டங்கள்

நான்காவது பதில் பாக்கி இருக்கிறது: அது அங்கே இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை.

பரவல் வரைபடம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ நடந்து, பார்த்து, எழுதியது. தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1987 முதல் 1991 வரை ஒரு சுற்று நடந்தது. 2007 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் சுற்று இன்றும் தொடர்கிறது. நாட்டைச் சுமார் எட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டத்துக்குப் பென்டாட் என்று பெயர். விருப்பமுள்ள எவரும் ஒரு பென்டாட்டுக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, கண்ட, கேட்ட எல்லாப் பறவைகளையும் எழுதி அனுப்பலாம். 'எல்லா' என்பதில்தான் சூட்சுமம். அபூர்வப் பறவையை மட்டும் எழுதினால் அது தற்பெருமைப் பட்டியல். எல்லாவற்றையும் எழுதினால், எழுதப்படாத பறவையும் ஒரு தகவலாகிவிடும். ஒரு பென்டாட்டிலிருந்து நூறு பட்டியல் வந்து, அவற்றில் தொண்ணூற்றில் மைனாவும் மூன்றில் மட்டும் கண்டல் மீன்கொத்தியும் இருந்தால், இரண்டும் 'உண்டு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்காது என்பது விளங்கும். அந்தக் கண்டல் மீன்கொத்தியைப் பீச்வுட்டில் குளிர்காலத்தில்தான் பார்க்கலாம். கோடையில் மட்டும் தேடிப் பார்த்த ஒருவர் 'இல்லை' என்று சத்தியம் செய்வார்.

வரைபடத்தில் புள்ளி நெருக்கமாக இருக்கும் கட்டங்கள் பெரும்பாலும் நல்ல சாலையும் நேரமும் உள்ளவர்கள் போய்வரும் கட்டங்கள். இந்தியர் குடியிருப்புகளிலிருந்து பட்டியல் அனுப்புகிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவோடு வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பதினேழு பறவைகள் வந்தன. அதில் ஐந்தை எனக்கு முன்னால் ஆயா குரலை வைத்தே சொல்லிவிட்டார், பெயர்கள் மட்டும் அவர் வைத்தவை. காகிதத்தில் எழுதும்போது ஹடீடாவுக்கு எதிரே 'சனியன்' என்று போட முடியாதே என்று கொஞ்சம் தகராறு நடந்தது.

தம்பியும் விடவில்லை. ஆறாவது கன்றை வீட்டின் வடக்குச் சுவரோரம், அடுப்புப் புகைக்கூண்டின் செங்கல் ஒட்டி நட்டிருக்கிறான். பகல் முழுக்க வெயில் வாங்கும் சுவர் இரவில் சூட்டைக் கக்கும்; மேலே கூரைச் சரிவு பனியைத் தடுக்கும். ஊர் முழுக்க வெள்ளை பூத்த இரவுகளில் அந்தச் சுவரோரத்து அரை மீட்டர் அகலத்துக்கு மட்டும் உறைபனி படியவில்லை. இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டது. போன மாதம் சாம்பாரில் அவன் வீட்டு இலை. வாசனை போதாது என்கிறார் ஆயா.